பேட்டரி தீர்ந்துபோகும் வீடு

எங்கள் அத்திம்பேர் சின்னக்கானலில் வீடு கட்டியது அங்கே குளிரும் என்பதற்காக. கட்டி முடிந்ததும் அவர் பார்த்த முதல் வேலை, அந்தக் குளிர் வீட்டுக்குள் வராமல் தடுப்பது.

அத்திம்பேர் என்றால் என் அக்காவின் கணவர். ஒரு வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். பதவி போய்விட்டது, பதவியோடு வந்த குரல் மட்டும் போகவில்லை. கல்பாத்தியில் எங்கள் இரண்டு வீடும் ஒரே தெருவில் இருக்கின்றன. பாலக்காட்டு வெயிலைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால், வெயில் அவருக்குக் கீழே வேலை பார்த்த குமாஸ்தா என்றும், இப்போது சொன்னபடி கேட்காமல் திமிர் காட்டுகிறது என்றும் தோன்றும். அந்த வெயிலுக்குப் பயந்துதான் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய மேட்டில், கருங்கல் சுவர் வைத்து ஒரு வீடு. மாதத்துக்கு ஒருமுறை போவார்கள். போன மறுநாளே அவருக்கு மூக்கு ஒழுகும். அதற்கு மறுநாள் திரும்பி வந்துவிடுவார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே ஹால் சுவரில் வட்டமாக ஒரு கண்ணாடிக் கருவியைப் பார்த்திருக்கிறார். தெர்மோஸ்டாட். அறையில் எவ்வளவு சூடு வேண்டும் என்று அதனிடம் சொல்லிவிட்டால், ஹீட்டர்களை அதுவே போட்டு அதுவே அணைக்கும். எங்கே இருந்தாலும் போன் மூலம் அதற்கு உத்தரவு போடலாம். உத்தரவு போடலாம் என்பதுதான் அவரை மயக்கியது என்று நான் நினைக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு, சொன்ன உடனே கேட்கிற ஒன்றை அவர் பார்த்தது அப்போதுதான். மகன் இருக்கும் ஊரில் பனி முழங்கால் வரைக்கும் விழும். சின்னக்கானலில் ஒரு ஸ்வெட்டரும் ஒரு கம்பளியும் போதும். ஆனாலும் அதே மாதிரி ஒன்றை வாங்கி, பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தார்.

அதைச் சுவரில் மாட்ட பூப்பாறையிலிருந்து ஒரு எலக்ட்ரீசியன் வந்தார். ஹீட்டர்களைப் போட்டு அணைக்கும் பெட்டி மாடிப்படிக்குக் கீழே இருந்தது. அங்கிருந்து தெர்மோஸ்டாட்டுக்குக் கரண்ட் கொடுக்கத் தனியாக ஒரு ஒயர் இழுக்க வேண்டும், அதற்குச் சுவரைக் கொஞ்சம் கொத்த வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார். சுவரில் அப்போதுதான் பெயின்ட் காய்ந்திருந்தது. பேட்டரியிலேயே ஓடும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது, பின்னே எதற்குச் சுவரை உடைப்பது என்று அத்திம்பேர் மறுத்துவிட்டார். எலக்ட்ரீசியன் தோளைக் குலுக்கிக்கொண்டு, பேட்டரியைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் சின்னக்கானலின் தட்பவெப்பம் தெரியாதவர் யாரும் இல்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருப்பார், இலையில் பருப்பு விழுவதற்குள் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்போ அங்கே பதினாறு டிகிரியாக்கும்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வார். பக்கத்தில் இருப்பவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கொள்ளாமே, நன்றாயிருக்கிறதே என்பார். யாரும் இல்லாத வீட்டில் எத்தனை டிகிரி இருந்தால் யாருக்கு என்ன என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. அவரிடம் கேள்வி கேட்டால் பதில் வராது, உரைதான் வரும்.

என்னை இதில் இழுத்ததற்குக் காரணம் என் வேலை. கஞ்சிக்கோட்டில் ஒரு உருக்காலையில் உலைகளின் வெப்பத்தை அளக்கும் கருவிகளைப் பராமரிக்கும் பிரிவில் இருக்கிறேன். குடும்பத்தில் ஒயர் வைத்த எந்தச் சாமான் கெட்டாலும் என்னைக் கூப்பிடுவார்கள். எங்கள் ஆலையிலும் தெர்மோஸ்டாட் உண்டு. நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே பொருத்தியது, இரும்புக் குழாய்க்குள் ஒயர், அழுக்குப் பிடித்த முகம். அதைப் பற்றி யாரும் எந்தப் பந்தியிலும் பேசியதில்லை. அது தன் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது.

சுவரில் மாட்டி ஒரு மாதம் ஆவதற்குள் பேட்டரி தீர்ந்துபோனது. ஏறக்குறைய ஒரு வருஷம் வரும் என்று புத்தகம் சொன்னது. போனில் சிவப்பாக ஒரு அடையாளம் வந்து, பிறகு அந்த வீடே திரையிலிருந்து காணாமல் போனது. அன்றைக்கு அவர் காபி குடிக்கவில்லை என்று அக்கா சொன்னாள். முதலில் மூணாறில் பேட்டரி விற்ற கடைக்காரன் மேல் பழி. அது டூப்ளிகேட் பேட்டரி, மலைமேல் யாரும் கேட்க மாட்டார்கள் என்று தலையில் கட்டிவிட்டான். சரி என்று பாலக்காட்டில் வாங்கிக்கொண்டு போனார். அதுவும் அதே கதி. அடுத்தது சின்னக்கானல் மூடுபனி, ஈரம் உள்ளே இறங்கிப் பேட்டரியை உறிஞ்சுகிறது என்று ஒரு கண்டுபிடிப்பு. கடைசியில் திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்துகொள்ளும் ரகத்தை ஆன்லைனில் வரவழைத்தார். அது முந்தையதைவிடச் சீக்கிரம் தீர்ந்தது. கடைக்காரன், ஊர், பனி எல்லாம் முடிந்து, இனிப் பழி சொல்ல ஒரு ஆள்தான் மிச்சம்.

அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டவர், கீழே லயத்தில் இருந்த ஒரு அம்மாள். எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு அங்கே லயம் என்று பெயர். பல வருஷம் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். அவருடைய குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து எப்போதோ மலையேறி வந்தது. தினமும் மேலே வந்து ஜன்னல்களைத் திறந்துவைப்பார், பெருக்குவார், துடைப்பார், சாயங்காலம் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போவார். நான் அங்கே போன சமயங்களில் அவர் போடும் கட்டஞ்சாயாவை, பால் விடாத டீயை, குடித்திருக்கிறேன். அத்திம்பேரும் ஓய்வு பெற்றவர், அந்த அம்மாளும் ஓய்வு பெற்றவர். ஒருவர் வீடு கட்டினார், இன்னொருவர் அந்த வீட்டைத் துடைத்தார். பேட்டரி தீர்ந்ததாகப் போனில் தெரிந்ததும் அத்திம்பேர் அவரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்வார். அவரும் ஸ்டூலைப் போட்டு ஏறி மாற்றுவார்.

"அவள்தான் எடுக்கறாள். புதுசைத் தன் ஆத்து டார்ச்சுக்கு எடுத்துண்டு, பழசை இதிலே போடறாள்" என்று அவர் முடிவு கட்டிவிட்டதை அக்கா எனக்குப் போனில் சொன்னாள். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள், அவர் பக்கத்து அறையில் இருந்திருக்க வேண்டும். அதோடு நிற்கவில்லை. அடுத்த தடவை போனபோது, புதுப் பேட்டரி ஒவ்வொன்றின் அடியிலும் அக்காவின் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்திருக்கிறார். திருடனைப் பிடிக்க. மாதக் கடைசியில் தீர்ந்துபோன பேட்டரிகளைக் கழற்றச் சொல்லிப் பார்த்தால், அத்தனையிலும் அந்தச் சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது. சாதாரண புத்தி உள்ளவன் அத்தோடு விட்டிருப்பான். அத்திம்பேர் வேறு மாதிரி யோசித்தார். எடுத்துக்கொண்டுபோய்ப் பயன்படுத்திவிட்டு, தீர்ந்த பிறகு அதே பேட்டரியைத் திரும்பக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள்.

"நீ ஒருதரம் வந்து பாத்துட்டுப் போயேன். அவர் அங்கே கேமரா வைக்கப்போறாராம். அந்த அம்மா முகத்திலே எப்படி முழிக்கறது" என்றாள் அக்கா.

ஆலையில் லீவு போட்டுவிட்டு அவர்களோடு கிளம்பினேன். கொழிஞ்சாம்பாறை, பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை வழியாகப் போகிற வழி. வழி நெடுக அத்திம்பேர் தெர்மோஸ்டாட் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் பேசிக்கொண்டு வந்தார். மறுமுனையில் ஒரு பெண். அவருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துவதாகச் சொன்னாள். பேட்டரியை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். மாற்றியதாகச் சொன்னார். கருவியை ஒருமுறை அணைத்துவிட்டுப் போட்டீர்களா என்றாள். போட்டதாகச் சொன்னார். அப்படியானால் மறுபடியும் பேட்டரியை மாற்றிப் பாருங்கள் என்றாள். அவருக்கு அவளைப் பிடித்துவிட்டது. எத்தனை மரியாதை பார்த்தாயா என்று என்னிடம் திரும்பிச் சொன்னார். சின்னாறு காட்டுக்குள் நுழைந்ததும் சிக்னல் போய், அந்தப் பெண் பிழைத்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மாள் வாசலில் நின்றிருந்தார். வீட்டைத் திறந்து, தண்ணீர் காயவைத்து, எல்லாம் தயாராக இருந்தது. பெட்டிகளை உள்ளே வைப்பதற்குள் அத்திம்பேர் ஆரம்பித்துவிட்டார். அவரைச் சோபாவுக்கு எதிரே நிற்கவைத்து, தான் உட்கார்ந்துகொண்டு, கடன் கேட்டு வந்தவனிடம் பேசுவது போல நிதானமாகப் பேசினார். தனக்குக் கோபம் ஒன்றும் இல்லை, பேட்டரி ஒரு பெரிய விஷயமும் இல்லை, எடுத்திருந்தால் எடுத்தேன் என்று சொல்லிவிட்டால் போதும், இத்தோடு மறந்துவிடலாம் என்றார். மன்னிக்கத் தயாராக இருப்பவர்களின் முகத்தில் ஒரு பளபளப்பு வரும். அது வந்திருந்தது.

அந்த அம்மாள் சமையலறைக்குப் போய் ஒரு தேயிலை டப்பாவை எடுத்துவந்து மேஜைமேல் கவிழ்த்தார். இத்தனை நாளும் தீர்ந்துபோன பேட்டரிகள் எல்லாம் அதில் இருந்தன. கடையில் வாங்கியது, பாலக்காட்டில் வாங்கியது, சிவப்புப் புள்ளி வைத்தது. குப்பையில் போட்டால் மண்ணுக்கு ஆகாது என்று எஸ்டேட்டில் சொல்லியிருந்தார்களாம், அதனால் சேர்த்துவைத்திருக்கிறார்.

"எங்க வீட்டு டார்ச்சு கரண்டுல சார்ஜ் போடுறது சார். இந்தச் செல்லு அதுல நுழையாது" என்றார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அந்தப் பேட்டரிகளுக்குப் பக்கத்தில் வைத்தார். "திருடுற கைன்னு நெனச்சீகன்னா, சாவிய எதுக்கு என் கையில குடுத்தீக?"

குரலை உயர்த்தவில்லை. அக்காவைப் பார்த்து, பால் அடுப்பில் இருக்கிறது, பொங்கிவிடப்போகிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். உள்ளே போய்ப் பாலை இறக்கிவைத்தாள். அத்திம்பேர் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "உண்மையைச் சொன்னா கோபம் வரது, பாத்தியா" என்றார். எனக்கு அவரைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்க வேண்டும் போல இருந்தது. உலுக்கினாலும் உள்ளேயிருந்து எதுவும் விழாது என்று தோன்றியதால் மீட்டரை எடுத்துக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

சார்ஜ் செய்யும் பேட்டரிகளின் விஷயம் உடனே தெரிந்துவிட்டது. அவை முழுதாக நிரம்பியிருக்கும்போதே சாதாரணப் பேட்டரியைவிடக் குறைந்த வோல்ட் காட்டும். அந்தக் கருவியோ சாதாரணப் பேட்டரிக்குச் செய்தது. நிரம்பிய பேட்டரியைப் போட்டாலும் அது பாதி காலி என்றுதான் நினைக்கும். இது புத்தகத்தின் மூன்றாம் பக்கத்திலேயே போட்டிருந்தது. அத்திம்பேர் புத்தகத்தில் தனக்குச் சாதகமான இடத்தை மட்டும் படித்திருந்தார்.

ஆனால் சாதாரணப் பேட்டரியும் மாதம் தாண்டவில்லையே. நான் பொள்ளாச்சியில் வாங்கிவந்த புதுப் பேட்டரிகளை மீட்டரில் பார்த்து, முழுச் சக்தியோடு இருக்கின்றன என்று உறுதிசெய்துகொண்டு உள்ளே போட்டேன். அதன் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆலையிலும் அப்படித்தான். ஒரு கருவி ஏன் கெடுகிறது என்று தெரிய வேண்டுமானால் அது கெடுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வேறு குறுக்கு வழி கிடையாது.

முதலில் கண்ணில் பட்டது வெளிச்சம். அந்த வட்டக் கண்ணாடி கல்யாண மண்டபத்து சீரியல் பல்பு போல ஜொலித்துக்கொண்டே இருந்தது. யாராவது கிட்டே வந்தால் மட்டும் திரை எரிந்து மற்ற நேரம் அணைந்திருக்க வேண்டும். எப்போதும் முழு வெளிச்சத்தில் எரியும்படி அத்திம்பேர்தான் மாற்றிவைத்திருந்தார். ஹாலுக்குள் நுழைகிறவர்கள் வாசலிலிருந்தே பார்க்க வேண்டும் அல்லவா, அணைந்து கிடந்தால் அது இருப்பது யாருக்குத் தெரியும் என்றார். மாதத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டில், தேயிலைத் தூசிக்கும் பல்லிக்கும் அது தன்னைக் காட்டிக்கொண்டிருந்தது.

வெளிச்சத்தை அணைத்தேன். அப்புறம்தான் அசல் விஷயம் தெரிந்தது. இருண்டு கிடந்த திரையில் ஒரு சின்ன வைஃபை அடையாளம் தானாகவே விழித்தது, கொஞ்ச நேரம் சுழன்றது, அணைந்தது. நான் தொடவில்லை, யாரும் கிட்டே வரவில்லை. காபி ஒரு வாய் குடிப்பதற்குள் மறுபடியும் விழித்தது. பக்கத்து அறையில் அத்திம்பேர் சாய்வு நாற்காலியில் படுத்திருந்தார், கையில் போன்.

"இப்போ என்ன செஞ்சேள்?" என்று இங்கிருந்தே கேட்டேன்.

"நான் ஒண்ணும் செய்யலையே. எத்தனை டிகிரின்னு பாத்தேன், அவ்வளவுதான்."

"நீங்க உக்காந்துண்டிருக்கற ஆத்துக்கா?"

"ஆமாம்."

அவர் பார்க்கும்போதெல்லாம் அது விழித்தது. அவர் போனை மடியில் வைத்தால் தூங்கியது. கொஞ்ச நேரம் இந்த வேடிக்கையைப் பார்த்துவிட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஊரிலும் இப்படித்தான், பல் தேய்க்கும் முன்பே பார்ப்பார், கோயிலில் பிரதட்சிணம் செய்யும்போதும் பார்ப்பார் என்று அவள் சொன்னாள். சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

வைஃபைப் பெட்டியை மாடியில் தன் படுக்கையறை அலமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார், அதையும் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று. நடுவில் கருங்கல் சுவர். ஒவ்வொரு தடவையும் தெர்மோஸ்டாட் அந்தச் சுவரைத் தாண்டிக் கத்தித்தான் தன் டிகிரியைச் சொல்ல வேண்டும். மத்தியானம் வழக்கம்போலக் கரண்ட் போனது. மலையில் மழைக்கு ஒரு கட், காற்றுக்கு ஒரு கட். வைஃபைப் பெட்டி செத்துவிட்டது. இந்தக் கருவிக்கு அது தெரியாது. பேட்டரியில் ஓடுவதால் இது மட்டும் உயிரோடு இருந்து, செத்துப்போனதைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கரண்ட் வரும்வரை அந்த அடையாளம் நிற்காமல் சுழன்றது. பேட்டரி தின்னும் வாய் எது என்று பட்டப்பகலில் தெரிந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் பேட்டரிகளை வெளியே எடுத்து மீட்டரில் வைத்தேன். புத்தகக் கணக்குப்படி ஒரு மாதத்தில் இறங்க வேண்டியது ஒரே நாளில் இறங்கியிருந்தது. அத்திம்பேரையும் அக்காவையும் கூப்பிட்டு முள்ளைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அந்த அம்மாள் சாவியை வைத்துவிட்டுப் போனபிறகு அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. வீட்டில் நாங்கள் மூன்று பேர்தான்.

"இப்போ யார் எடுத்தா?" என்று கேட்டாள் அக்கா.

மெதுவாகத்தான் கேட்டாள். அவர் என் பக்கம் திரும்பினார். "அப்போ பாக்கவே கூடாதுன்னா, அதை வாங்கினது எதுக்காக்கும்?" என்றார். அந்தக் கருவியைப் பற்றி அவர் கேட்ட ஒரே நியாயமான கேள்வி அதுதான். அதற்கான பதிலை அவரே யோசிக்கட்டும் என்று நான் பேட்டரிகளைத் திரும்பப் போட்டேன்.

பூப்பாறை எலக்ட்ரீசியனை மறுபடி வரவழைத்தோம். பெயின்ட் அடித்த சுவரைக் கொத்தி, ஒயர் இழுத்து, தெர்மோஸ்டாட்டுக்கு நேராகக் கரண்ட் கொடுத்தார். பேட்டரி இனிமேல் கரண்ட் இல்லாத நேரத்துக்கு மட்டும். வைஃபைப் பெட்டியை ஹாலுக்குக் கொண்டுவந்து இன்வெர்ட்டரில் மாட்டினேன். எல்லாமாக ஒரு காலைப் பொழுது வேலை. ஆரம்பத்தில் செய்திருந்தால் அதுகூட ஆகியிருக்காது. ஊருக்குத் திரும்பிய வாரமே, தெருவில் ஒருவரிடம் அத்திம்பேர் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. வைஃபை தான் கோளாறு என்று தனக்கு முதலிலேயே சம்சயம் இருந்ததாம், என்னைக் கூட்டிக்கொண்டுபோய் அதை ஊர்ஜிதப்படுத்திக்கொண்டாராம். அந்த அம்மாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த மாதம் சின்னக்கானலுக்குக் கிளம்ப அவர் பெட்டியை எடுத்துவைத்தபோது அக்கா தன் பெட்டியை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மாளிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு வாருங்கள், அதற்குப் பிறகு வருகிறேன் என்றிருக்கிறாள். அவர் முதலில் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார். பிறகு கத்தினார். வேலை செய்ய வந்தவளிடம் தான் போய் நிற்பதா என்று கேட்டார். என் அக்கா கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு எதிராக ஒரு சொல் சொன்னதில்லை. இப்போதும் அதிகம் பேசவில்லை. பெட்டியை எடுக்காமல் இருந்தாள், அவ்வளவுதான். அவர் வீம்புக்குத் தனியாகப் போனார். சூடான வீட்டில் பால் காய்ச்சத் தெரியாமல், மறுநாளே திரும்பி வந்தார்.

இன்னும் ஒரு மாதம் முறைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் இறங்கிவந்தார். நானும் கூட வர வேண்டும் என்றார். தனக்கு அவர்கள் பேசுவது சரியாகப் புரியாது என்று ஒரு காரணம். அந்த அம்மாள் பேசியதும் தமிழ், இவர் பேசுவதும் தமிழ்.

லயத்துக்குப் போகும் பாதை தேயிலைச் செடிகளுக்கு நடுவே சரிந்து இறங்குகிறது. கார் போகாது. எங்களோடு கிளம்பி வந்திருந்த அக்கா முன்னால் இறங்கினாள். அத்திம்பேர் செருப்பு வழுக்கி இரண்டு தடவை என் தோளைப் பிடித்துக்கொண்டார். நீலச் சுண்ணாம்பு அடித்த ஒற்றை அறை, முன்னால் ஒரு சின்ன நடை. அந்த அம்மாளின் கணவர் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அதை அணைத்துவிட்டு வெளியே வந்து நாற்காலி போட்டார். அந்த அம்மாள் கதவோரம் நின்றார், வாங்க என்று மூன்று பேரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்.

அத்திம்பேர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஒரு தெற்றித்தாரணை உண்டாயிடுத்து" என்றார். தவறான புரிதல் என்பதற்கு ஆபீஸ் மலையாளம் அது. யார் உண்டாக்கினார்கள் என்பதற்கு அந்த வாக்கியத்தில் இடமே இல்லை. மழை பெய்தது என்பது போலச் சொன்னார். சொல்லிவிட்டுக் கையிலிருந்த பையை நீட்டினார். ஏதோ இனிப்பு வாங்கிவந்திருக்கிறார் என்றுதான் நானும் அக்காவும் நினைத்துக்கொண்டிருந்தோம். உள்ளே பேட்டரிகள். பிரிக்காத புதுப் பாக்கெட்டுகள். ஒயர் இழுத்த பிறகு வீட்டில் தேவைப்படாமல் கிடந்தவை.

என் வாழ்க்கையில் வேறு ஒரு மனிதருக்காக நான் அப்படிக் கூசியதில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மாள் பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தார். வாய் ஓரம் லேசாக அசைந்தது. சிரிப்பா, வேறு ஏதாவதா என்று சொல்ல முடியாது. பையை அத்திம்பேரிடம் திருப்பித் தரவில்லை, அக்காவிடம் கொடுத்தார்.

"வச்சுக்கங்கம்மா. சாருக்கு மறுபடி தேவப்படும்."

அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அன்னிக்கே வாயைத் திறந்திருக்கணும். நின்னுண்டு பாத்துண்டிருந்தேன்" என்றாள். அந்த அம்மாள், விடுங்கம்மா, விடுங்கம்மா என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஆனால் கையை விடவில்லை. பிறகு கட்டஞ்சாயா வந்தது. எல்லோரும் குடித்தோம். அத்திம்பேருக்கு விஷயம் நல்லபடியாக முடிந்துவிட்டதாகப் பட்டிருக்க வேண்டும், சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். நாளையிலிருந்து வந்துவிடலாம் என்றார், பெருந்தன்மையாக.

அந்த அம்மாள் சாவியைத் தொடவில்லை. பக்கத்தில் ஒரு ரிசார்ட்டில் துணி மடிக்கும் வேலைக்குப் போவதாகச் சொன்னார். "அங்க சாவியெல்லாம் கெடயாது சார். வேல முடிஞ்சா கைய வீசிக்கிட்டு வந்துருவேன்."

மேலே ஏறும்போது அத்திம்பேர் மூச்சு வாங்கிக்கொண்டே, இந்தக் காலத்தில் யாருக்கும் விசுவாசம் இல்லை என்றார். நானும் அக்காவும் முன்னால் நடந்தோம். அக்கா பேட்டரிப் பையை லயத்து வாசலிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். திரும்ப எடுக்க யாரும் போகவில்லை.

இப்போது அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இரண்டு மூன்று பேர் வந்தார்கள், அவர் போன் தொல்லை தாங்காமல் நின்றுவிட்டார்கள். ஜன்னல் திறக்காமல் அலமாரிகளில் பூஞ்சை பிடித்து, கம்பளிகள் நாறுகின்றன. தெர்மோஸ்டாட் மட்டும் நன்றாக வேலை செய்கிறது. அக்காவும் அந்த அம்மாளும் போனில் பேசிக்கொள்கிறார்கள். போன தை மாதம் அந்த அம்மாளின் மகள் வயிற்றுப் பேத்திக்குக் காதுகுத்து. அக்கா உடுமலைப்பேட்டையில் பஸ் மாறித் தனியாகவே போய்விட்டு வந்தாள். மேட்டு வீட்டுக்குப் போகவில்லை, லயத்திலேயே தங்கினாள். குளிர் எப்படி என்று கேட்டேன். மூன்று பேர் ஒரு கம்பளிக்குள் படுத்தோம், குளிரே தெரியவில்லை என்றாள்.

அத்திம்பேர் சமீபத்தில் என் வீட்டுக்கு வந்தார். ஆள் நிற்காததால் சாவி கொடுக்கவே தேவையில்லாத ஒரு பூட்டு வரவழைத்திருக்கிறாராம், போனிலேயே திறக்கலாமாம், நான் வந்து மாட்டித்தர வேண்டுமாம். அது எதில் ஓடுகிறது என்று கேட்டேன். பேட்டரியில் என்றார். எனக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டேன்.